கங்கை ஆடிலென்? கும்பமேளா முழுக்கின் பொருள் பற்றி ஒரு விவாத இழை

16 பிப்ரவரி 2025, காலை 9.40 | வாசகர் கேள்வி

வீட்டில் ஒரு வாரமாகச் சண்டை. மாமனாரும் மாமியாரும் பிரயாகைக்குப் போயே தீருவோம் என்கிறார்கள். நேற்றிரவு டெல்லி ரயில் நிலைய நெரிசலில் 18 பேர் இறந்த செய்தியைக் காட்டினேன். "144 ஆண்டுக்கு ஒரு முறை வருவது, பேரன் பேத்திக்குக்கூடக் கிடைக்காது" என்று பதில் வருகிறது. இருவரும் தினமும் தேவாரம் ஓதுகிறவர்கள். "கங்கை யாடிலென் காவிரி யாடிலென்" என்று அப்பரே கேட்டிருக்கிறாரே என்றால் கோபம் வருகிறது. கூட்டம், அரசியல், ஏற்பாடு எதுவும் வேண்டாம். சமய நோக்கில் மட்டும் சொல்லுங்கள். அந்த நீரில் மூழ்கினால் என்ன நடப்பதாக நம்புகிறார்கள்? நம்பிக்கைக்கு உள்ளேயே அதற்கு நியாயம் இருக்கிறதா?

16 பிப்ரவரி, பகல் 12.15 | என் பதில்

அப்பரை எடுத்து மாமனார் மீது எறியாதீர்கள். அந்தப் பாட்டின் முதல் அடியோடு எல்லோரும் நின்றுவிடுகிறோம். தீர்ப்பு கடைசி அடியில் இருக்கிறது: "எங்கும் ஈசனெ னாதவர்க் கில்லையே." ஈசன் எங்கும் உளன் என்று எண்ணாதவருக்கு எந்தத் துறையில் ஆடியும் பயனில்லை என்கிறார். அப்படி எண்ணுகிறவர் ஆட வேண்டாம் என்று எங்கே சொன்னார்? அதே அப்பர் குடந்தைக் கீழ்க்கோட்டத்துத் திருத்தாண்டகத்தில் காவிரி, யமுனை, கங்கை, சரசுவதி, குமரி என்று தீர்த்தங்களை வரிசையாக நிறுத்தி, அவை சூழ்ந்த கூத்தனைப் பாடுகிறார். தீர்த்தத்தை வெறுத்தவர் செய்யும் வேலையா அது?

வடமொழி நூல்களிலும் இதே குரல் உண்டு. மகாபாரத வனபர்வத்தில் புலஸ்திய முனிவர் பீஷ்மருக்குத் தீர்த்தங்களைப் பற்றிச் சொல்லும்போது, கையும் காலும் மனமும் எவனுக்கு அடங்கியிருக்கின்றனவோ அவனுக்கே தீர்த்த பலன் என்று முதலிலேயே கட்டிவிடுகிறார். ஸ்கந்த புராணத்துக் காசி காண்டம் இன்னும் கடுமை. நீர்வாழ் உயிர்கள் நீரிலேயே பிறந்து நீரிலேயே மடிகின்றன, மன அழுக்கு நீங்காததால் அவை சொர்க்கம் போவதில்லை என்கிறது. வெறும் முக்கலுக்குப் பலன் இல்லை என்று பகுத்தறிவாளர் யாரும் வெளியிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் முழுக்கோடு சேர்ந்து என்ன வேண்டும் என்பதுதான் கேள்வி. வேலை நிமித்தம் சில ஆண்டுகள் பிரயாகையில், அதாவது அலகாபாத்தில் இருந்தவன் நான். ஊரின் பெயர் அப்போது மாறியிருக்கவில்லை. கண்ணால் பார்த்ததை இரவு எழுதுகிறேன்.

16 பிப்ரவரி, இரவு 10.50

கும்பமேளா என்றதும் தொலைக்காட்சி நமக்குக் காட்டுவது சாம்பல் பூசிய நாகா சாதுக்களை. கங்கையும் யமுனையும் கூடும் சங்கமத்து மணலில் மாதம் முழுவதும் குடியிருப்பவர்களை அது காட்டுவதில்லை. கல்பவாசிகள் என்று பெயர். பௌஷ பௌர்ணமியில் தொடங்கி மாகப் பௌர்ணமி வரை கூடாரத்தில் வாசம். விடிவதற்கு முன் நீராட்டு, ஒருவேளை உணவு, தரையில் படுக்கை, மாலையில் கதை கேட்டல், முடிந்த அளவு தானம், கோபமும் பொய்யும் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று முழுக்கு என்று விதி. ஜனவரிக் குளிரில் எத்தனை பேருக்கு அது கைகூடுகிறது என்பது கங்கைக்குத்தான் தெரியும். கூடாரத்து வாசலில் துளசி நட்டு, பக்கத்தில் வாற்கோதுமை விதைப்பார்கள். மாதம் முடியும்போது அது முழங்கை உயரம் வளர்ந்து நிற்கும். இப்படி 12 ஆண்டு செய்து, கட்டில் மெத்தையோடு சய்யா தானம் கொடுத்து விரதத்தை முடிப்பது முறை. கும்பம் வருகிறதா இல்லையா என்பது இவர்களுக்கு இரண்டாம்பட்சம். மாக மாத நீராட்டு விழாவான மாக மேளா ஆண்டுதோறும் நடக்கிறது, இவர்களும் ஆண்டுதோறும் வருகிறார்கள்.

நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளருடைய தாயார் அப்படி ஒருவர். எல்லோருக்கும் அவர் அம்மாஜி. வீட்டில் வெந்நீர் சாதனமும், கூப்பிட்ட குரலுக்கு மூன்று மருமகள்களும் உண்டு. ஜனவரி வந்தால் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணலுக்குப் போய்விடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனோடு நானும் பார்க்கப் போனேன். மணலில் பரப்பிய இரும்புத் தகடுகளின் மேல் நடந்து, பீப்பாய்ப் பாலத்தைக் கடந்து, புழுதியிலும் வறட்டிப் புகையிலும் கூடாரத்தைத் தேடிப் பிடிக்க மதியம் ஆகிவிட்டது. வைக்கோல் மேல் கம்பளி விரித்து உட்கார்ந்திருந்தார். முகம் சரியில்லை. கூடாரக் கயிறு யாருடைய எல்லைக்குள் வந்தது என்பதில் பக்கத்துக் கூடாரத்து அம்மையாரோடு காலையில் வாய்த் தகராறாம். கோபம் வந்துவிட்டது, அதனால் அன்றைக்கு அந்த ஒருவேளைச் சாப்பாடும் கிடையாது என்று தனக்குத்தானே தண்டனை விதித்திருந்தார். மகன் கொண்டுபோன லட்டுகளை அந்தப் பக்கத்து அம்மையாருக்கே கொடுத்தனுப்பினார். கொடுக்கச் சொன்ன குரலில் கோபம் முழுதாக இறங்கியிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

"இந்தக் குளிரில் முழுகினால் என்ன கிடைக்கும் அம்மாஜி?" என்று கேட்டேன். "முழுகுவது இரண்டு நிமிடம். மிச்ச நாளெல்லாம் வாயைக் கட்டுவதுதான் பாடு" என்றார்.

என் பதில் இதுதான். முழுக்கு ஒரு முத்திரை. அது எந்தத் தாளின் மேல் விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

17 பிப்ரவரி, காலை 7.05

144 ஆண்டு பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். 12 கும்பம் சேர்ந்தால் ஒரு மகா கும்பம், 12 பெருக்கல் 12 என்பது கணக்கு. 2013இல் நடந்ததையும் மகா கும்பம் என்றே அழைத்தார்கள். 2017இல் மாநில அரசு, ஆறாண்டு அர்த்த கும்பத்துக்குக் 'கும்பம்' என்றும் 12 ஆண்டுக் கும்பத்துக்கு 'மகா கும்பம்' என்றும் பெயர் மாற்றியது. ஆக, பெயர்ப்பலகையைப் பார்த்து மாமனார் பதற வேண்டியதில்லை.

12 ஆண்டு என்பதுகூடக் குத்துமதிப்புத்தான். வியாழன் ராசிச் சக்கரத்தைச் சுற்றிவர 12 ஆண்டு முழுதாக ஆவதில்லை, 11.86 ஆண்டுதான். அந்த மிச்சம் சேர்ந்து சேர்ந்து எப்போதாவது ஒரு கும்பத்தை ஓராண்டு முன்னால் இழுத்துவிடும். ஹரித்துவாரில் 2010க்குப் பிறகு 2021இலேயே கும்பம் வந்தது அதனால்தான். அதற்கு முன் 1927க்கும் 1938க்கும் இடையில் அப்படி நடந்தது.

17 பிப்ரவரி, இரவு 9.30

"கணக்கு கிடக்கட்டும், அமுதத் துளி விழுந்த இடம் அல்லவா?" என்று ஒருவர் சூடாகக் கேட்கிறார்.

கதை எல்லோருக்கும் தெரிந்தது. பாற்கடலைக் கடைந்தார்கள், அமுத கும்பம் வந்தது, இந்திரன் மகன் ஜயந்தன் தூக்கிக்கொண்டு ஓடினான், பிரயாகை, ஹரித்துவார், உஜ்ஜயினி, நாசிக் ஆகிய நான்கு இடங்களில் துளி சிந்தியது, தேவர்களின் 12 நாள் நமக்கு 12 ஆண்டு. அழகான கதை. ஆனால் பாற்கடல் கடைந்ததை விரித்துச் சொல்லும் மகாபாரதத்திலும் விஷ்ணு புராணத்திலும் பாகவதத்திலும் கடைதல் உண்டு, அமுதம் உண்டு, சண்டை உண்டு, நான்கு ஊரில் துளி சிந்தியது இல்லை. எடுத்துப் பாருங்கள்.

பிரயாகையில் மாக மாத நீராட்டுக்கோ வெகு பழைய சான்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனத் துறவி யுவான் சுவாங், மன்னர் ஹர்ஷர் ஐந்தாண்டுக்கு ஒரு முறை அந்தச் சங்கம மணலில் தன் கருவூலத்தையே தானமாக அள்ளிக் கொடுத்ததை எழுதிவைத்தார். சூரியன் மகரத்துக்கு வரும் மாக மாதத்தில் எல்லோரும் தீர்த்தராஜனாகிய பிரயாகைக்கு வருகிறார்கள் என்று துளசிதாசர் 16ஆம் நூற்றாண்டில் பாடினார். அந்த மாக மேளாவுக்குப் பிரயாகையில் 'கும்பம்' என்ற பெயர் ஆவணங்களில் ஏறுவது 19ஆம் நூற்றாண்டில்தான் என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இதைச் சொன்னால் பக்தர்கள் முறைக்கிறார்கள், எதிர்ப்பக்கம் கைதட்டுகிறது. இரண்டும் தேவையில்லை. கதை பின்னால் வந்தது, ஆறும் விரதமும் தானமும் முன்னால் இருந்தன. அம்மாஜி என்னிடம் ஒருநாளும் ஜயந்தனைப் பற்றிப் பேசியதில்லை.

17 பிப்ரவரி, இரவு 9.45

ஹர்ஷர் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுக் கடைசியில் தங்கையிடம் பழைய ஆடை வாங்கி உடுத்தினார் என்று யுவான் சுவாங் வரலாறு சொல்கிறது. இன்றைக்குச் சங்கமத்துக்கு வரும் பெரிய மனிதர்கள் கூடவே கேமராவும் கூட்டி வருகிறார்கள். அரசியல் வேண்டாம் என்றீர்கள், நிறுத்திக்கொண்டேன்.

19 பிப்ரவரி, மாலை 6.20

நேற்று முழுவதும் ஒன்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். சாதுக்கள் ஏன் முதலில் இறங்குகிறார்கள்?

நிர்வாகப் பதில் தெரிந்ததுதான். அங்கீகாரம் பெற்ற அகாடாக்கள், அதாவது துறவியர் அமைப்புகள், 13: சைவம் ஏழு, வைணவம் மூன்று, உதாசீன, நிர்மல மரபுகள் மூன்று. யார் முன்னால் என்பதில் ரத்தம் சிந்தியிருக்கிறார்கள். 1760 ஹரித்துவார் கும்பத்தில் சைவ சந்நியாசிகளும் வைணவ பைராகிகளும் மோதியதில் ஏராளமானோர் மாண்டார்கள். அதனால் வரிசை, நேரம், பாதை எல்லாம் விதிக்கப்பட்டிருக்கின்றன. அகாடாக்களின் இந்த நீராட்டுக்கு ஷாஹி (அரச) ஸ்நானம் என்று இருந்த பெயரை மாற்றி, இந்த முறை அம்ருத ஸ்நானம் என்று பெயர் வைத்தார்கள்.

சமயப் பதில் பாகவதம் ஒன்பதாம் ஸ்கந்தத்தில் இருக்கிறது. பகீரதன் தவம் செய்து கங்கையை அழைக்கிறான். கங்கை இரண்டு தயக்கம் சொல்கிறாள். ஒன்று, என் வேகத்தைத் தாங்குவது யார்? அதற்குச் சிவன் சடையைக் கொடுத்தார், நம் கோயில் சுவரெல்லாம் அதைச் செதுக்கிவைத்தோம். இரண்டாவதை நாம் மறந்துவிட்டோம். "மனிதர்கள் தங்கள் பாவத்தை என்னிடம் கழுவுவார்கள். அந்தப் பாவத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்?" என்று கேட்கிறாள். பகீரதன், உள்ளத்தில் ஹரியை வைத்திருக்கும் சாதுக்கள் உன்னில் இறங்குவார்கள், அவர்கள் மேனி பட்டு உன் பாவம் போகும் என்கிறான்.

கும்பகோணத்துக்காரர்களுக்கு இது எங்கோ கேட்ட கதையாக இருக்கும். கங்கை, யமுனை, சரசுவதி, காவிரி என்று நவகன்னியர் கயிலாயம் போய், மக்கள் எங்களில் விட்டுச்சென்ற பாவத்தை எங்கே தீர்ப்பது என்று கேட்க, சிவன் அவர்களை மகாமகக் குளத்துக்கு அனுப்பிய கதைதான். வியாழன் சிம்மத்தில் நிற்க, மாசி மகத்தன்று அது நடக்கிறது. நாசிக்கிலும் உஜ்ஜயினியிலும் கும்பம் வருவதும் வியாழன் சிம்மத்தில் நிற்கும்போதுதான். 2016இல் பிப்ரவரியில் மகாமகம், ஏப்ரல், மேயில் உஜ்ஜயினி. இரண்டு கதையிலும் கவலை ஒன்றே. தண்ணீர் தானாகத் தூய்மையாக இருந்துவிடுவதில்லை, நாம் விட்டதை அது சுமக்கிறது, அதை இறக்கிவைக்க அதற்கும் ஓர் இடம் வேண்டும்.

இப்படிப் பார்த்தால் கும்பமேளா ஆற்றுக்கு நடக்கும் திருமஞ்சனம். மலையிலும் குகையிலும் சிதறிக் கிடந்த துறவிகள் ஒரே நாளில் ஒரே துறையில் இறங்குகிறார்கள். ஆறு பாரம் இறக்குகிறது. பிறகு குடும்பஸ்தர்கள் இறங்குகிறார்கள். அந்தக் கூட்டம் இல்லாமல் தனியாக ஒரு குடம் கங்கையை வீட்டுக்கு வரவழைத்துக் குளித்தால் இந்தப் பொருள் கிடைக்காது. பலர் கூடுவது அந்தச் சடங்கின் உள்ளே இருக்கிறது.

19 பிப்ரவரி, இரவு 8.10

"அந்தச் சாதுக்களில் எத்தனை பேர் உண்மையான சாதுக்கள்?" என்ற கேள்வி வருமென்று தெரியும், வந்துவிட்டது. பகீரதன் போட்ட நிபந்தனையே அதற்குப் பதில். உள்ளத்தில் ஹரி இருக்க வேண்டும் என்றான். சொகுசு காரில் வருகிறாரா, யூடியூபில் வருகிறாரா என்று அவன் கேட்கவில்லை. நூறில் ஒருவர் தேறினால் ஆற்றுக்குப் போதும் என்று வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. இந்த ஜனவரி 29, மௌனி அமாவாசை அதிகாலையில் நெரிசல் ஏற்பட்டு, அரசுக் கணக்கிலேயே 30 பேர் இறந்தார்கள். அன்று அகாடாக்கள் தங்கள் முறையை ஒத்திவைத்து மக்கள் முதலில் நீராடட்டும் என்று விட்டார்கள். பிற்பகலில், ஆடம்பரம் குறைத்து இறங்கினார்கள். முன்னுரிமைக்காக வாள் உருவிய மரபு அது. அன்றைய காலையில் அவர்கள் காத்திருந்ததை நான் சடங்கின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

20 பிப்ரவரி, காலை 6.50

படகுக்காரர் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், பேரம் பேச வேண்டும். நான் முதல் முறை போனபோது கரையில் ஒரு விலை, நடு ஆற்றில் ஒரு விலை, திரும்பும்போது மூன்றாவதாக ஒன்று. திரிவேணியில் ஆழம் குறைவான இடத்தில் இரண்டு படகுகளுக்கு நடுவே பலகை கட்டி, கயிற்றைப் பிடித்து இறங்க வைப்பார்கள். கங்கை வெளுப்பாகவும் யமுனை கரும்பச்சையாகவும் சேருமிடம் கண்ணுக்கே தெரியும். சரசுவதி எங்கே என்று படகுக்காரரிடம் கேட்டேன். "அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லையே, சந்தோஷப்படுங்கள்" என்றார்.

குளிர்காலத்தில் வெண்ணிறக் கடற்காகங்கள் ஆயிரக்கணக்கில் படகைச் சுற்றும். அவற்றுக்கு எறிய ஓமப்பொடி விற்பார்கள். வாங்க வேண்டாம், அவை மீன் தின்னட்டும்.

21 பிப்ரவரி, இரவு 11.40

தூக்கம் வரவில்லை. 16ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் அந்தக் குரலில் ஒரு தாசில்தார் உட்கார்ந்திருக்கிறார். விரதம் இருந்தாயா, வாயைக் கட்டினாயா, சான்றிதழைக் காட்டு, பிறகு பலன் தருகிறேன் என்கிறார்.

ஆனால் கங்கை ஏன் வந்தாள்? சகர மன்னனின் அறுபதாயிரம் புதல்வர்களுக்காக. அவர்கள் கபில முனிவரை யாகக் குதிரையைத் திருடியவர் என்று நினைத்து அடிக்கப் பாய்ந்தவர்கள், எரிந்து சாம்பலானவர்கள். அவர்களுக்கு மனம் அடங்கவில்லை, விரதம் இல்லை, வருத்தப்படக்கூட நேரம் இருக்கவில்லை. சாம்பலுக்கு என்ன தகுதி? நீர் வந்து தொட்டது, கரையேறினார்கள். கங்கையின் முதல் வேலையே தகுதியில்லாதவர்களுக்குச் செய்த வேலை. அவர்களுக்காகத் தவம் செய்தது வேறொருவன், பல தலைமுறை கழித்துப் பிறந்த பேரன் பகீரதன்.

மணலில் பார்த்த இன்னொரு காட்சி அதனால் திரும்ப வந்தது. ரயிலிலிருந்து இறங்கி, தலையில் மூட்டையோடு, ஒருவர் சேலைத் தலைப்பை இன்னொருவர் சேலைத் தலைப்போடு முடிந்துகொண்டு, தொலைந்துவிடக் கூடாதென்று வரிசையாக நடக்கும் கிராமத்துப் பெண்கள். இரவு முழுதும் நடப்பார்கள், விடியலில் முழுகுவார்கள், மதியமே ரயிலுக்குத் திரும்புவார்கள். கல்பவாசம் இருக்க அவர்களுக்கு விடுப்பு இல்லை, மாடும் வயலும் காத்திருக்கின்றன. இவர்களிடம் போய்க் காசி காண்டத்து நீர்வாழ் உயிர்களைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. புலஸ்தியரே, யாகம் செய்ய ஏழைக்குப் பொருளும் ஆளும் இல்லை, தீர்த்தயாத்திரை ஏழைக்கும் எட்டுகிற, யாகத்தையும் விஞ்சுகிற பலன் என்று சொல்லியிருக்கிறார். நிபந்தனையைச் சொன்ன அதே வாய்தான் கதவையும் திறந்துவைத்தது.

இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கும் என்பதை இன்னும் தீர்க்கவில்லை. தனக்கென்று வரும்போது அம்மாஜியின் கணக்கு, பிறருக்கென்று வரும்போது சகரபுத்திரர்களின் கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

22 பிப்ரவரி, பகல் 1.00

மேலே ஒருவர் "வழுக்குகிறீர்கள்" என்கிறார். சைவ சித்தாந்தத்தில் சரியையும் (உடலால் செய்யும் தொண்டு) அருளும் எப்படிச் சேர்கின்றன என்று கேளுங்கள், அங்கேயும் இதே வழுக்கல்தான் கிடைக்கும்.

22 பிப்ரவரி, மாலை 5.30

தண்ணீர் அழுக்கு என்கிறீர்கள். அதையும் சமயக் கேள்வியாகவே பார்க்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்த மாதம் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அளித்த அறிக்கையில், பிரயாகையில் பல இடங்களில் மலக் கழிவைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியா குளிப்பதற்கான வரம்பைத் தாண்டியது என்றது. 100 மில்லிலிட்டருக்கு 2,500 என்பது வரம்பு. மாநில அரசு மறுத்தது.

"கங்கை எதனாலும் தீட்டுப்படாதவள்" என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தர்மசாஸ்திரத் தொகுப்புகளில் மேற்கோளாக வரும் அந்தப் பட்டியல் எதற்கு? கங்கையில் மலஜலம் கழிக்காதே, வாய் கொப்பளிக்காதே, உடம்பு தேய்க்காதே, வாடிய மாலையை எறியாதே, துணியை விடாதே, விளையாடாதே என்று நீள்கிறது. தீட்டுப்படாதவளுக்கு இத்தனை தடை ஏன்? பாகவதத்துக் கங்கையே நான் எங்கே கழுவுவேன் என்று கேட்டாள். கழிவுநீர்க் குழாய்க்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

கான்பூர் ஐஐடியில் பேராசிரியராக இருந்த ஜி.டி. அகர்வால் பின்னாளில் சுவாமி சானந்த் என்று துறவு பூண்டு, கங்கை தடையின்றி ஓட வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்து, 111ஆம் நாள், 2018 அக்டோபர் 11 அன்று உயிர்விட்டார். பகீரதன் சொன்ன சாதுக்களில் ஒருவரை எண்ணச் சொன்னால் அவரை முதலில் எண்ணுவேன்.

23 பிப்ரவரி, காலை 10.15

ஓர் அக்கா வேணி தானத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்: "கணவன் மடியில் உட்காரவைத்துப் பின்னல் போட்டு நுனி முடியை வெட்டி ஆற்றில் விடுவார்களாமே, இது என்ன நாடகம்?"

தமிழ்நாட்டிலிருந்தும் தெலுங்கு, கன்னட நாடுகளிலிருந்தும் போகும் தம்பதிகள் பலரும் செய்வது அது. தாராகஞ்ச் பக்கம் தென்னிந்தியருக்குச் சடங்கு செய்துவைக்கும் புரோகிதர் வீடுகள் உண்டு. பிரயாகையில் முண்டனம், அதாவது முழு மொட்டை, பெரிய கடமை. சுமங்கலிக்கு அது கூடாது என்பதால் நுனி மட்டும். அந்த முடி மிதக்காமல் முங்கிவிடும் என்று பெருமையாகச் சொல்வார்கள். என் மனைவி செய்யவில்லை, "என் முடி எனக்கே போதவில்லை" என்றாள். பார்த்தவரையில் சொல்கிறேன்: எழுபது வயதுத் தாத்தா, நடுங்கும் கையால், வாழ்நாளில் முதல் முறையாக மனைவிக்குத் தலை வாரிப் பின்னிக்கொண்டிருந்தார். பாட்டிக்கு வெட்கம் தாங்கவில்லை. சாஸ்திரம் என்ன நினைத்து விதித்ததோ, அந்த அம்மாளுக்கு அது போதும்.

ராமேசுவரத்து மணலைக் கொண்டுபோய்த் திரிவேணியில் கரைத்து, கங்கையை எடுத்துவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை முடிகிறது என்ற நம் வழக்கமும் இங்கே சேரும். போய்க் குளித்துவிட்டு வருவது பாதிதான், ஏதோ ஒன்றைக் கொண்டுபோக வேண்டும், ஏதோ ஒன்றைக் கொண்டுவர வேண்டும்.

27 பிப்ரவரி, காலை 8.00

நேற்று சிவராத்திரியோடு முடிந்தது. 66 கோடிப் பேர் என்கிறது அரசு.

அகாடாக்களின் மூன்றாவது ஸ்நானம் பிப்ரவரி 3, வசந்த பஞ்சமியிலேயே முடிந்து அவர்கள் காசிக்குக் கிளம்பிவிட்டார்கள். கல்பவாசிகள் 12ஆம் தேதி மாகப் பௌர்ணமிக்குப் பின் மூட்டை கட்டினார்கள். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் நெடுஞ்சாலையில் வண்டிகள் நின்றன. எந்தச் சாதுக்கள் இறங்கும் நாளைத் தேடித் தாத்தாக்கள் நடந்தார்களோ, அந்தச் சாதுக்கள் போன பிறகும் 144 என்ற எண் ஆட்களை இழுத்துக்கொண்டே இருந்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை, 21ஆம் தேதிக் குறிப்பைப் பார்க்கவும்.

1 மார்ச், இரவு 9.20

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். மாமனாரும் மாமியாரும் போகவில்லையாம், டிக்கெட் கிடைக்கவில்லையாம், "பாக்கியம் இல்லை" என்று மாமியார் மூன்று நாளாகச் சரியாகப் பேசவில்லையாம்.

அவரிடம் சொல்லுங்கள்: மாக மேளா அடுத்த ஆண்டும் வருகிறது. 2026இல் பௌஷ பௌர்ணமி ஜனவரி 3, மௌனி அமாவாசை ஜனவரி 18, சிவராத்திரி பிப்ரவரி 15. பெரிய ஸ்நான நாள்களைத் தவிர்த்து நடுவில் போனால் மணலில் நிம்மதியாக உட்காரலாம். கல்பவாசிகள் இருப்பார்கள், கதை சொல்கிறவர்கள் இருப்பார்கள். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் 'பூலே பட்கே' (வழி தவறியவர்கள்) முகாமைக் கேட்கச் சொல்லுங்கள். ராஜாராம் திவாரி என்பவர் 1946இல் தொடங்கிய தொண்டு, அவர் 2016இல் காலமான பிறகும் நடக்கிறது. ஒலிபெருக்கியில் ஊர் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தமிழில் கூப்பிட ஆள் இருப்பார்களா என்று உத்தரவாதம் தர முடியாது, அதனால் மாமனார் சட்டைப் பையில் இந்தியில் எழுதிய ஒரு சீட்டு இருக்கட்டும். இரண்டு கம்பளி. ஒரு நாளாவது மணலிலேயே தங்கட்டும். மாமியாருக்கு முழங்கால் வலி என்றீர்கள், படகுப் பலகையில் இறங்க வேண்டாம். கரையோரத்தில் கணுக்கால் ஆழத்தில் நின்று தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.